கழுவியது சரி, காய்ந்ததா? தண்ணீர்ப் பை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விச்சிட்டா ஃபால்ஸ் என்று ஓர் ஊர். ஆகஸ்ட் மாதத்துக் கொளுத்தும் வெயிலில் நூறு மைல் சைக்கிள் ஓட்டுவது அந்த ஊரின் திருவிழா. 1989இல் அதில் கலந்துகொண்ட மைக்கேல் எய்ட்சன் ஓர் அவசர மருத்துவ ஊழியர். நோயாளிக்கு மருந்துநீர் ஏற்றும் டிரிப்ஸ் பையில் தண்ணீரை நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் செருகி, முதுகில் பொருத்திக்கொண்டார். டியூபைத் தோள்வழியாக முன்னால் கொண்டுவந்து, ஒழுகாமலிருக்கத் துணிக் கிளிப்பால் கவ்வினார். அந்தக் கைவேலைதான் பின்னாளில் ‘கேமல்பேக்’ என்ற நிறுவனமாக வளர்ந்தது. இன்று மலையேறுகிறவர், சைக்கிள் மிதிக்கிறவர், நெடுந்தூரம் ஓடுகிறவர் என்று பலர் முதுகிலும் தொங்கும் ஹைட்ரேஷன் பைக்கு அதுவே பாட்டன்.

நம்மூரிலும் இந்தப் பைக்கு வேலை கூடியிருக்கிறது. நீலகிரி மாவட்டத்துக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோக முடியாது. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 காட்டுப் பாதைகளை நடைபயணிகளுக்குத் திறந்துவிட்டது. முதுகில் இரண்டு லிட்டர், தோளில் ஒரு டியூப், நின்று மூடி திறக்காமல் ஒரு மடக்கு. வசதிதான். ஆனால் டிரிப்ஸ் பை ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதும் குப்பைக்குப் போய்விடும். அதைக் கழுவுவது எப்படி என்று யாரும் யோசித்ததில்லை. அதே வடிவத்தில் செய்த நம் பையோ பல வருடம் உழைக்க வேண்டியது. மூடிய பை, மெல்லிய நீளமான டியூப், கடித்து உறிஞ்சும் வால்வு என்று அதன் மூன்று உறுப்புகளுமே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். அதைப் பராமரிப்பது பற்றி நண்பர்கள் வட்டத்தில் உலவும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: வெறும் தண்ணீர்தானே ஊற்றுகிறோம், கழுவ என்ன இருக்கிறது?

உண்மை: தண்ணீரோடு நம் எச்சிலும் உள்ளே போகிறது. வால்வைக் கடித்து உறிஞ்சி விடும்போது, வாயிலிருந்த நீரில் கொஞ்சம் டியூபுக்குள் திரும்புகிறது. வெயிலில் நடப்பவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. டியூபில் நிற்கும் தண்ணீர் சூடேறி, முதல் மடக்கு வெந்நீராக வரும் என்பதால், குடித்து முடித்ததும் ஊதி அந்தத் தண்ணீரைப் பைக்கே திருப்பி அனுப்புவார்கள். சூடு பிரச்சினை தீரும். வாயிலுள்ள பாக்டீரியா பைக்குள் குடியேறும்.

குடியேறியவை தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. சுவரில் ஒட்டி, தம்மைச் சுற்றி ஒரு பிசினைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. உயிர்ப்படலம் என்பது இதுதான். நாலு நாள் கிடந்த பைக்குள் விரலை விட்டுத் தேய்த்தால் வழவழவென்று படுகிறதே, அதுதான் அது. தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டினால் மிதப்பவை போகும், ஒட்டியவை இருக்கும்.

நம்பிக்கை 2: ஆர்.ஓ. தண்ணீரோ கேன் தண்ணீரோ ஊற்றினால் பாசி பிடிக்காது.

உண்மை: இதில் நிலைமை தலைகீழ். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின், வழியில் ஏதாவது கிருமி சேர்ந்தால் அதைச் சமாளிப்பதற்காகவே கொஞ்சம் மிச்சம் வைக்கப்படுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் வேண்டும் என்கிறது. வீட்டு ஆர்.ஓ. கருவியிலுள்ள கரி வடிகட்டி அந்தக் குளோரினை எடுத்துவிடுகிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரிலும் அது தங்காது. ஆக, ஊற்றும் நேரத்தில் அந்தத் தண்ணீர் சுத்தம். அழுக்கான பைக்குள் போன பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அதனிடம் எதுவும் இல்லை. ஆர்.ஓ. தண்ணீர் குடிப்பவர்கள் பையை இன்னும் கவனமாகக் கழுவ வேண்டும்.

நம்பிக்கை 3: எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ்., குளுக்கோஸ் எதை ஊற்றினாலும் அலசிவிட்டால் போதும்.

உண்மை: சர்க்கரை கலந்த எதுவும் நமக்கு மட்டுமல்ல, கிருமிக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடு. கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்கக் கூடாது என்று சொல்லப்படுவதும் இதனால்தான். பையில் ஊற்றுவதென்றால் அன்று மாலையே சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும். ஞாயிறு மலையேறி, புதன்கிழமை நினைவு வந்து பையைத் திறப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. மோர், பால் கலந்த பானங்கள் பக்கமே போக வேண்டாம். கொழுப்பு டியூபில் படிந்தால் வாடை லேசில் விடாது. பையில் வெறும் தண்ணீர், தனியே ஒரு அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். என்று பிரித்துக்கொள்வது கழுவும் வேலையைப் பாதியாக்கும்.

நம்பிக்கை 4: வினிகர் ஊற்றினால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்.

உண்மை: இதற்குப் பதில் 1683லேயே எழுதப்பட்டுவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் துணி வியாபாரம் செய்த அந்தோனி வான் லேவன்ஹுக், தான் தயாரித்த நுண்ணோக்கியில் தன் பல்லிடுக்கு வெள்ளைப் படிவை வைத்துப் பார்த்தார். உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் நெளிந்தன. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடியும் பார்த்தார், உயிர்கள் இருந்தன. படிவை வெளியே எடுத்து அதன்மேல் வினிகரைக் கலந்தபோதோ அவை உடனே செத்தன. வினிகர் படிவின் மேலே இருந்தவற்றை மட்டும் கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்று முடிவுகட்டி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார்.

பல்லில் படிவதும் பையில் படிவதும் ஒரே இனம்தான். வினிகரும் எலுமிச்சையும் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், பிளாஸ்டிக் வாடையைக் குறைக்கும். அந்த அளவில் நல்ல பொருட்கள். கிருமி நீக்கும் வேலையை அவற்றை நம்பி ஒப்படைக்க முடியாது. எதை ஊற்றினாலும் முதலில் தேய்த்துப் படலத்தை உடைத்தாக வேண்டும். பல் விளக்காமல் கொப்பளித்தால் மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நம்பிக்கை 5: ஆப்ப சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தால் இரட்டைப் பலன்.

உண்மை: நுரை பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பது போலத்தான் தோன்றும். நடப்பது என்னவோ, ஒன்றையொன்று தீர்த்துக்கட்டுவது. காரமான சோடாவும் புளிப்பான எலுமிச்சையும் சேர்ந்தால் கரியமில வாயு, தண்ணீர், கொஞ்சம் உப்பு. இரண்டின் குணமும் போய்விட்டது.

தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுக்கும் பயன் உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து இரவு முழுக்க ஊறவிட்டால் புளித்த வாடை போகும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் இன்னொரு நாள் எலுமிச்சை. இரண்டையும் சேர்த்தே தீருவேன் என்பவர்கள் பையின் மூடியையாவது திறந்து வையுங்கள். மூடிய பைக்குள் கரியமில வாயு பெருகினால் மூடியோ ஒட்டிய ஓரமோ விட்டுவிடும்.

நம்பிக்கை 6: ப்ளீச் விஷம், குடிக்கிற பாத்திரத்தில் படவே கூடாது.

உண்மை: அளவில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., குடிநீர் சேமிக்கும் பாத்திரங்களைக் கிருமி நீக்கச் சொல்லும் முறையே ப்ளீச்தான். மணம் சேர்க்காத வீட்டு உபயோக சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. பாத்திரத்துக்குக் குறைந்தது அரை நிமிடம் போதும் என்பார்கள். டியூபும் வால்வும் உள்ள பைக்கு ஐந்து நிமிடம் கொடுப்பது நல்லது. பையைத் தூக்கிப் பிடித்து வால்வை விரலால் அழுத்தி, கரைசல் டியூப் முழுக்க நிறையும்படி ஓடவிட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரால் குளோரின் வாடை போகும்வரை அலச வேண்டும்.

இதில் மூன்று விஷயம் கவனம். ஒன்று, அழுக்கும் படலமும் குளோரினைத் தின்றுவிடும்; சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ப்ளீச். இரண்டு, ப்ளீச்சோடு வினிகரோ எலுமிச்சையோ சேரவே கூடாது. சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். மூடிய குளியலறையில் அது ஆபத்து. மூன்று, ப்ளீச்சுக்குப் பதில் கைக்குக் கிடைத்ததை ஊற்றக் கூடாது. மணமூட்டிய தரை துடைக்கும் திரவமும் டெட்டாலும் குடிக்கும் பாத்திரத்துக்கானவை அல்ல. ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தால் சுண்ணாம்பு வண்டல் டியூபில் அடைத்துக்கொள்ளும்.

ப்ளீச் வாடையே ஆகாது என்பவர்களுக்கு, பைக்கென்றே விற்கும் சுத்திகரிப்பு மாத்திரைகள் இருக்கின்றன. பல்செட் ஊறவைக்கும் மாத்திரையையும் சிலர் போடுகிறார்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்சல்ஃபேட் சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் நன்றாக அலசுவது முக்கியம்.

நம்பிக்கை 7: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் எந்த மருந்தும் வேண்டாம்.

உண்மை: எவர்சில்வர் பாட்டிலுக்குச் சரி. இந்தப் பைகள் பெரும்பாலும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரிதேன் என்ற மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்தவை. ஓரங்களைத் தைப்பதில்லை, சூட்டால் ஒட்டுகிறார்கள். சூட்டால் ஒட்டியதைச் சூட்டால் இளக்கவும் முடியும். கொதிநீர் பட்டால் ஓரம் நெகிழும், வடிவம் கோணும். கை பொறுக்கும் சூடு போதும். அதற்கு மேல் போவதென்றால் அந்தப் பையோடு வந்த குறிப்புச் சீட்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நம்பிக்கை 8: ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும்.

உண்மை: சாகாது, தூங்கும். பாக்டீரியாவைப் பல வருடம் உயிரோடு பாதுகாக்க ஆய்வகங்கள் செய்வதே உறைய வைப்பதுதான். வெளியே எடுத்து உருகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடரும்.

அப்படியானால் ஃப்ரீசர் வீண் யோசனையா என்றால் அதுவும் இல்லை. உறைந்த நிலையில் எதுவும் பெருகாது. கழுவி, முடிந்தமட்டும் தண்ணீரை உதறிவிட்டு, பையையும் டியூபையும் ஃப்ரீசரில் போட்டு வைப்பது நல்ல சேமிப்பு முறை. சென்னை, தூத்துக்குடி போன்ற ஈரக் காற்று ஊர்களில், மழைக்காலத்தில் எதுவும் காயாத நாட்களில் கைகொடுக்கும். கழுவாத பையை உள்ளே தள்ளுவது மட்டும் பிரச்சினையைத் தள்ளிப்போடும் வேலை. தண்ணீரோடு உறைய வைப்பவர்கள் நிரம்ப ஊற்ற வேண்டாம். பனிக்கட்டியானால் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பருக்கும்.

நம்பிக்கை 9: மொட்டை மாடி வெயிலில் போட்டால் தானாகச் சுத்தமாகிவிடும்.

உண்மை: தெளிந்த தண்ணீரை நிறமற்ற பெட் பாட்டிலில் நிரப்பி முழு வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்திக் கிருமி நீக்கும் முறை உண்மையிலேயே உண்டு. அது தண்ணீருக்கான முறை. பையின் மடிப்புக்கும் டியூபின் உட்புறத்துக்கும் அது உதவாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலியூரிதேனை நாளடைவில் மஞ்சளாக்கி, விறைக்க வைக்கும். காற்றோட்டமுள்ள நிழலே பைக்கு ஏற்ற இடம்.

நம்பிக்கை 10: கழுவிக் கவிழ்த்து வைத்தால் வேலை முடிந்தது.

உண்மை: வேலையே இனிமேல்தான். பூஞ்சை வளர மூன்று வேண்டும்: ஈரம், கொஞ்சம் தீனி, நேரம். எவ்வளவு கழுவினாலும் தீனி துளியாவது மிஞ்சும். நேரத்தை நம்மால் நிறுத்த முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். கவிழ்த்து வைத்த பையின் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் மாட்டிய ஈரம் வாரக் கணக்கில் கிடக்கும்.

சுவர்கள் ஒட்டாமல் விலகி நிற்க வேண்டும். முட்டை அடிக்கும் கம்பிக் கரண்டியை உள்ளே விட்டுவிடலாம், அல்லது சட்டை மாட்டும் ஹேங்கரை மடக்கிச் செருகலாம். பையின் வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். டியூபைப் பையிலிருந்து கழற்றி, ஒரு முனையைப் பிடித்துத் தலைக்கு மேல் சாட்டை போலச் சுழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் முத்துமுத்தான நீர் தெறித்து வெளியேறும். பிறகு நேராகத் தொங்கவிடுங்கள். சுருட்டி வைத்தால் வளைவில் தண்ணீர் தேங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, உட்புறம் ஒரு துளிகூட மின்னவில்லை என்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம்.

நம்பிக்கை 11: பை பளிச்சென்று இருந்தால் எல்லாம் சுத்தம்.

உண்மை: பையை விடுங்கள், வால்வைக் கழற்றிப் பாருங்கள். வாயில் வைக்கும் மெத்தென்ற சிலிகான் தொப்பியைப் பிடித்து இழுத்தால் பெரும்பாலான வால்வுகளில் கையோடு வந்துவிடும். அது உட்கார்ந்திருந்த கெட்டி பிளாஸ்டிக் கழுத்தைச் சுற்றி மெல்லிய கரு வளையம் ஒன்று தெரியும். தொப்பியின் நடுவிலுள்ள கீறலை இரண்டு விரலால் விரித்தால் அதன் உதடுகளிலும் அதே கறுப்பு. எச்சில் அதிகம் படுவதும், கடைசியாகக் காய்வதும், பலர் ஒருமுறைகூடக் கழற்றாததும் இந்த இடம்தான். பழைய பல் பிரஷ் இதற்குப் போதும்.

டியூபுக்கென்று நீளமான மெல்லிய பிரஷ் கிடைக்கிறது. இல்லாவிட்டால் டியூபைவிட நீளமான நைலான் நூலை உள்ளே விட்டு, முனையில் சோப்பு நனைத்த துணித் துண்டை முடிந்து இழுக்கலாம். ஃப்ளாஸ்க் கழுவுவது போல முட்டை ஓடும் அரிசியும் போட்டுக் குலுக்கும் வழக்கம் இங்கே எடுபடாது. ஓடு மெல்லிய சுவரைக் கீறும். கீறலில் கிருமிக்கு ஒதுங்க இடம் கிடைக்கும். அரிசி டியூபில் போய் அடைக்கும்.

நம்பிக்கை 12: கறுப்புப் புள்ளி வந்துவிட்டால் மொத்தமாகத் தூக்கி எறிய வேண்டும்.

உண்மை: பையின் சுவரில் ஒன்றிரண்டு புள்ளிகள் என்றால் தேய்த்துக் கழுவி ப்ளீச் கொடுத்துக் காயவைத்துத் தொடர்ந்து பயன்படுத்தலாம். பூஞ்சை செத்த பிறகும் அதன் கறை பிளாஸ்டிக்கில் தங்கிவிடுவது உண்டு. தேய்த்தால் கையில் வராத, வாடையில்லாத பழைய கறை அவ்வளவாகப் பயப்பட வேண்டியதல்ல. ஆஸ்துமாவோ பூஞ்சை ஒவ்வாமையோ உள்ளவர்கள் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளாமல் மாற்றிவிடுவது நல்லது. டியூபின் உட்புறம் புள்ளிப் புள்ளியாகப் பரவியிருந்தால் யாராக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். டியூபும் வால்வும் தனியாகவே கிடைக்கின்றன. அதற்காகப் பையை எறியத் தேவையில்லை.

நம்பிக்கை 13: ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் ஒட்டு போதும்.

உண்மை: பஞ்சர் சொல்யூஷன் ரப்பரோடு பிணைவதற்கானது, பாலியூரிதேனில் அது பிடிக்காது. குடிதண்ணீர் படும் இடத்துக்கு உரிய பசையும் அல்ல. பாலியூரிதேனுக்கென்றே விற்கும் ஒட்டை, காய்ந்த பையின் வெளிப்புறம் ஒட்ட வேண்டும். ஆனால் அதற்கு முன் மூடியைச் சோதியுங்கள். ஓட்டை என்று நினைப்பது பல நேரம் மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் வளையத்தில் சிக்கிய ஒரு மணல் துணுக்காகவோ, கோணலாகத் திருகிய மூடியாகவோ இருக்கும். கசிகிறதே என்று வளையத்தில் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். எண்ணெய் சிக்கு வாடை பிடித்துத் தண்ணீரில் இறங்கும்.

என்ன செய்வது, எப்போது செய்வது?

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அன்றைக்கே பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், வால்வைக் கழற்றி ஒரு தேய்ப்பு, நல்ல அலசல், முழு உலர்த்தல். அடிக்கடி பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறையும், ஓடைத் தண்ணீரை நேராகப் பையில் பிடித்தவர்கள் வீடு வந்த உடனேயும் ப்ளீச் கொடுங்கள். பையை மூடாமல், மடிக்காமல், வாய் திறந்தபடி வையுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் எத்தனை லிட்டர் என்று கேட்பதற்கு முன் உங்கள் கையைப் பையின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். மணிக்கட்டு வரை நுழைந்து அடிமூலையைத் தொட முடிகிறதா, பையை உள்வெளியாகத் திருப்ப முடிகிறதா, வால்வு கழல்கிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று வராத பை எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள். கை போகாத இடத்தைக் கழுவ முடியாது, காற்று போகாத இடம் காயாது.